மிட்டாய்த் தாள் ஏன் மட்கவில்லை? ஒரு படக்கதைப் புத்தகமும் மூன்றாம் வகுப்பின் ஆறு வாரங்களும்

இந்த நிகழ்வு ஆய்வு, ஒரு தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில், சுற்றுச்சூழல் பற்றிய ஒரு படக்கதைப் புத்தகத்தை நடுவில் வைத்து ஆறு வாரங்கள் நடந்த கற்றல் செயல்பாடுகளைப் பற்றியது. வகுப்பில் 27 குழந்தைகள்; பெரும்பாலோருக்கு எட்டு வயது. வாரத்துக்கு இரண்டு பாடவேளைகள் ஒதுக்கப்பட்டிருந்தன; சில வாரங்களில் அவை மூன்றாக நீண்டன. பாடத்தை நடத்தியவர் வகுப்பாசிரியை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்; மணி அடித்த பிறகு இருவரும் பேசி அடுத்த பாடவேளையைத் திட்டமிட்டோம். ஆகவே கீழே சொல்லப்படும் பிழைகளில் பாதிக்கு நானே பொறுப்பு.

புத்தகம் 32 பக்கங்கள் கொண்டது. கதை எளியது. மரத்திலிருந்து ஓர் இலை உதிர்கிறது, மழையில் நனைகிறது, நிறம் மாறுகிறது, பூச்சிகள் அதைக் கடிக்கின்றன, வெண்ணிற இழைகள் அதன்மேல் படர்கின்றன, ஒரு மண்புழு அதை இழுத்துச் செல்கிறது, கடைசியில் அந்த இடத்தில் ஒரு செடி முளைக்கிறது. ஒரு பக்கத்தில் ஒரு வரிக்கு மேல் எழுத்து இல்லை. ஆனால் எழுத்தில் ஓரிடத்தில்கூடச் சொல்லப்படாத ஒன்று படங்களில் இருக்கிறது. இலை விழுந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, சிவப்பும் வெள்ளியுமாக ஒரு மிட்டாய்த் தாள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கிடக்கிறது. இலை உருத்தெரியாமல் போன பிறகும் அது நிறம் மங்காமல் அங்கேயே இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே நாங்கள் இந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தோம். அதே காரணமே எங்கள் முதல் பாடத்தைக் கெடுக்கவும் செய்தது.

முதல் வாசிப்பு

முதல் நாள் ஆசிரியை புத்தகத்தை உயர்த்திப் பிடித்து, நல்ல ஏற்ற இறக்கத்துடன் வாசித்தார். வாசிப்பு பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. முடித்த கையோடு அவர் மிட்டாய்த் தாளைச் சுட்டிக்காட்டி, “இதிலிருந்து நாம் என்ன தெரிந்துகொண்டோம்?” என்று கேட்டார். வகுப்பு முழுவதும் ஒரே குரலில், “குப்பை போடக் கூடாது, மிஸ்!” என்றது. மீதி நேரத்தில் சுவரொட்டி வரையச் சொன்னோம். இருபதுக்கும் மேற்பட்ட தாள்களில் ஒரே படம் வந்தது: சிரிக்கும் குப்பைத்தொட்டி, பக்கத்தில் ஒரு மரம், மேலே சூரியன். இலையையோ மண்ணையோ புழுவையோ யாரும் வரையவில்லை. புத்தகத்தைத் திறக்காமலேயே வரைந்திருக்கக்கூடிய படங்கள் அவை.

அன்று மாலை நாங்கள் ஒப்புக்கொண்டது இதுதான்: குழந்தைகள் அந்த விடையைப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை, முன்பே வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள். சூழலைப் பற்றிய பாடம் என்றாலே அது எங்கு முடியும் என்பது எட்டு வயதில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. முடிவு தெரிந்த பிறகு நடுவில் எதையும் பார்க்க வேண்டிய தேவை இல்லை. 1977-இல், இன்றைய ஜார்ஜியாவின் தலைநகரான திபிலிசியில் நடந்த அரசுகளுக்கிடையேயான மாநாடு சூழல் கல்வியின் நோக்கங்களை விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு என ஐந்தாக வகுத்தது. நாங்கள் நடத்திய சுவரொட்டிப் பாடம் அவற்றுள் முதலாவதன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. மீதி ஐந்தரை வாரங்களுக்கும் ஒரே ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டோம்: நீதியை நாங்களாகச் சொல்வதில்லை, கேட்டு வாங்குவதும் இல்லை.

எழுத்தை மூடிய வாசிப்பு

இரண்டாவது பாடவேளையில் ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்து இருந்த பட்டையை வெள்ளைத் தாளால் மூடினோம். கேட்ட கேள்விகள் மூன்று: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? வேறு என்ன தெரிகிறது? இவை எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. ஓவியங்களைக் குழந்தைகளோடு சேர்ந்து பார்ப்பதற்காக அபிகேல் ஹவுசன், பிலிப் யெனவைன் ஆகிய இருவரும் உருவாக்கிய முறையின் கேள்விகள் இவை. மூன்றில் இரண்டாவதுதான் வேலை செய்கிறது. “இலை சோகமாக இருக்கிறது” என்று ஒரு சிறுவன் சொன்னபோது, “எதைப் பார்த்து?” என்று கேட்டவுடன் அவன் எழுந்து வந்து இலையின் சுருண்ட ஓரத்தைத் தொட்டுக் காட்டினான். “சோகம்” என்பது போய் “ஓரம் காய்ந்து சுருண்டிருக்கிறது” என்பது வந்தது.

காத்திருப்பதும் இதே அளவு முக்கியம். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்றும், அது மூன்று விநாடிக்கு மேல் நீண்டால் விடைகள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்றும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோவ் 1970களில் காட்டினார். படித்தபோது சிறிய விஷயமாகத் தெரிந்தது. வகுப்பில் மூன்று விநாடி மௌனம் எவ்வளவு நீளம் என்பதை ஆசிரியையின் விரல்கள் புத்தக அட்டையைத் தட்டியதில் பார்த்தேன். ஆனால் மிட்டாய்த் தாளைக் கண்டுபிடித்ததே அப்படிப்பட்ட ஒரு மௌனத்தில்தான். முதல் நாள் நாங்கள் காட்டியது ஒரே ஒரு பக்கத்தில் கிடந்த தாளை. அது எல்லாப் பக்கங்களிலும் இருக்கிறது என்பதை ஏழாம் பக்கத்தில் நின்றிருந்தபோது, அதுவரை வாயே திறக்காத ஒரு சிறுமி சொன்னாள். “அது போன பக்கத்திலும் இருந்தது. அதற்கு முந்தின பக்கத்திலும்.” உடனே புத்தகம் பின்னோக்கிப் புரட்டப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு பக்கம் திரும்பும்போதும் 27 பேரும் முதலில் தேடியது அந்தத் தாளைத்தான்.

படத்தையும் சொல்லையும் சேர்த்துப் பாடமாக்குவது பழைய யோசனை. 1658-இல் கொமேனியசு என்ற கல்வியாளர் வெளியிட்ட குழந்தைகளுக்கான படப் பாடநூலில், படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் இருந்தது; அதே எண் பக்கத்திலுள்ள சொல்லுக்கும் இருந்தது. அந்த முறையில் எண்ணிட்டவர் நூலாசிரியர். எங்கள் வகுப்பில் அந்த வேலையைக் குழந்தைகள் செய்தார்கள். ஒட்டும் சிறு சீட்டுகளில் எண் எழுதிப் படத்தின்மேல் ஒட்டி, நோட்டில் அதே எண்ணுக்கு நேரே பெயரை எழுதினார்கள். பெயர் தெரியாதவற்றுக்குக் கேள்விக்குறி. அன்றைய முடிவில் பதினோரு கேள்விக்குறிகள் இருந்தன. அடுத்த வாரங்களின் பாடத்திட்டம் அந்தப் பதினொன்றிலிருந்தே வந்தது.

ஐந்து குப்பிகள், பிறகு ஆறு

புதைத்துப் பார்க்கும் சோதனை பல பள்ளிகளில் நடப்பதுதான். கண்ணாடிக் குப்பிகளில் ஈரமான தோட்டத்து மண்ணை நிரப்பி, கண்ணாடி ஓரத்தில் தெரியுமாறு ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை வைத்தோம்: உதிர்ந்த இலை, பழத்தோல், நோட்டுத் தாள், பருத்தித் துணித் துண்டு, மிட்டாய்த் தாள். வைப்பதற்கு முன் எது மட்கும், எது மட்காது என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். இங்கே நாங்கள் சற்றும் எதிர்பாராத ஒன்று நடந்தது. மிட்டாய்த் தாள் மட்கிவிடும் என்று 19 பேர் எழுதியிருந்தார்கள். முதல் நாள் ஒரே குரலில் குப்பை போடக் கூடாது என்றவர்களில் பெரும்பாலோர் அவர்கள்.

காரணம் கேட்டபோது ஒரு சிறுவன் மிகத் தெளிவாகச் சொன்னான்: “அதுவும் தாள்தானே!” நோட்டுத் தாள் மட்கும், ஆகவே மிட்டாய்த் தாளும் மட்கும். அவன் தர்க்கத்தில் குறை எதுவும் இல்லை. குறை நம் சொல்லில் இருக்கிறது. மிட்டாயை மெழுகுத் தாளில் சுற்றி விற்ற காலத்துப் பெயர் பிளாஸ்டிக் உறைக்கு மாறிய பிறகும் ஒட்டிக்கொண்டது. இன்றைய உறைகள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் போன்ற படலங்கள்; வெள்ளி போல மின்னுவது அதன்மேல் படியவைத்த மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. பெரியவர்கள் பெயரைக் கேட்டாலும் பொருளை அறிவார்கள். குழந்தை பெயரை நம்புகிறது. தமிழில் சூழல் பாடம் நடத்துபவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ‘தாள்’ என்ற சொல்லோடு ‘கவர்’, ‘பேப்பர்’ ஆகியவற்றையும் பொருளைப் பாராமல் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். ஆசிரியை விளக்கவில்லை. இரண்டையும் கையில் கொடுத்து, கிழித்துப் பார்க்கவும், தண்ணீரில் நனைக்கவும், கசக்கிக் கையை விடவும் சொன்னார். நனைந்த நோட்டுத் தாள் கூழானது. மற்றது விரிந்துகொண்டு பழையபடி நின்றது. அதன் பிறகும் ஆறு பேர் தங்கள் விடையை மாற்றவில்லை. மண்ணுக்குள் போனால் வேறு மாதிரி ஆகலாம் என்பது அவர்கள் கட்சி. அதை அப்படியே பதிந்து வைத்தோம்.

குப்பிகளை அமைத்ததில் எங்கள் பிழை வெளிப்பட இரண்டு வாரம் ஆனது. மூடியை இறுக்கி மூடியிருந்தோம். தண்ணீரையும் தாராளமாக ஊற்றியிருந்தோம். இலைக் குப்பியும் பழத்தோல் குப்பியும் திறந்தவுடன் முன்வரிசை எழுந்து பின்வரிசைக்குப் போனது. அந்த நாற்றமே அந்த ஆறு வாரங்களின் மிகப் பயனுள்ள விபத்து. அழுகுவதும் மட்குவதும் ஒன்றல்ல என்பதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். மூக்குக்குப் புரிய ஒரு நொடி போதும். காற்றில்லாமல் நீர் தேங்கினால், காற்று வேண்டாத நுண்ணுயிர்கள் பெருகி, கந்தகம் கலந்த, புளித்த நாற்றமுள்ள பொருள்களை வெளியிடுகின்றன. காற்றும் அளவான ஈரமும் இருந்தால் வேறு வகை உயிர்கள் அதே இலையை மண்ணாக்குகின்றன. அப்போது வருவது மழை பெய்தவுடன் எழும் அதே மண்வாசனை. அந்த வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளை மண்ணிலுள்ள ஒருவகை பாக்டீரியாக்கள் உண்டாக்குகின்றன. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதை உணர்ந்துவிடும். மூடிகளை எடுத்துவிட்டு மெல்லிய துணியைக் கட்டினோம். வாரம் ஒரு கரண்டி நீர் மட்டும் ஊற்றினோம்.

ஆறாவது குப்பி ஒரு குழந்தையின் யோசனை. மண்தான் இலையைத் தின்கிறது என்றால், மண் இல்லாமல் கழுவிய மணலில் வைத்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். அறிவியல் பாடத்தில் ஒப்பீட்டுச் சோதனை என்று நாங்கள் பல ஆண்டு கழித்துக் கற்பிக்கவிருந்ததை அவள் கேள்வியாகக் கொண்டுவந்துவிட்டாள். ஆறு வார முடிவில் மணலிலிருந்த இலை, மண்ணிலிருந்ததைவிடக் குறைவாகவே மாறியிருந்தது. ஆனால் மாறாமலும் இல்லை. இலையின் மேலேயே நுண்ணுயிர்கள் வந்து சேர்ந்திருக்கும் என்ற விளக்கத்தை அவள் அரைமனத்தோடுதான் ஏற்றாள்.

காலத்தைத் தரையில் பரப்புதல்

மூன்றாவது வாரத்தில் வகுப்புக்குச் சலிப்பு தட்டியது. புத்தகத்தில் இலை பதினான்கு முறை பக்கம் திரும்புவதற்குள் மண்ணாகிவிடுகிறது. குப்பியிலோ அது அப்படியே இலையாக உட்கார்ந்திருக்கிறது. “நம் இலை கெட்டுப்போன இலை, மிஸ்” என்றான் ஒருவன். படக்கதைப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைவதற்கு அச்சுத்தாளை மடிக்கும் கணக்கே காரணம். எட்டு, பதினாறு என்ற மடங்குகளில்தான் பக்கங்கள் கிடைக்கும். கதையின் காலம் எவ்வளவாக இருந்தாலும் அந்தப் பக்கங்களுக்குள் மடங்கியாக வேண்டும். வளர்ந்த வாசகர் இரண்டு பக்கங்களுக்கு நடுவே மாதங்களைத் தாமே நிரப்பிக்கொள்கிறார். குழந்தைக்கு ஒரு பக்கம் திரும்ப ஆகும் நேரம்தான் காலம்.

இந்த இடத்தில் செய்த செயல்பாட்டைத்தான் முழு ஆறு வாரத்திலும் சிறந்ததாகக் கருதுகிறேன். காத்திருக்க நேரமில்லை என்றால், வெவ்வேறு காலத்தில் விழுந்த இலைகளை ஒரே நாளில் பார்க்கலாம். பள்ளி வளாகத்தில் யாரும் பெருக்காத ஒரு மூலையில், ஒரு மரத்தடியில், நான்கு நான்கு பேராக உட்கார்ந்து மேலிருந்து கீழாக இலைகளை எடுத்தார்கள். மேலே பச்சை மாறாதவை, அடுத்துப் பழுப்பு, அதற்கும் கீழே ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியவை, பிறகு நரம்பு மட்டும் வலை போல மிஞ்சியவை, பிறகு துண்டுகள், கடைசியில் கையில் எடுத்தால் உதிரும் கறுப்புத் துகள். அவற்றை ஒரு நீண்ட வெள்ளைத் தாளில் புதியதிலிருந்து பழையது வரை வரிசையாக வைக்க வேண்டும். விதி ஒன்றுதான்: ஓர் இலையை எங்கே வைத்தாலும் ஏன் அங்கே என்று குழு ஏற்கும் காரணம் சொல்ல வேண்டும்.

சண்டை உடனே தொடங்கியது. அதற்காகத்தான் அந்த விதி. ஒரு குழுவில் தடித்த, மினுக்கமான இலை ஒன்று புதியவற்றோடு வைக்கப்பட்டது. எடுத்தவளோ அது மிகக் கீழே கிடந்தது என்று பிடிவாதமாக நின்றாள். பார்வைக்குப் புதியது, கிடந்த இடத்தால் பழையது. இரண்டில் எதை நம்புவது? கால் மணி நேர வாக்குவாதத்துக்குப் பின், “அது வேறு மரத்து இலை, அதன் தோல் கெட்டி” என்ற முடிவுக்கு அவர்களே வந்தார்கள். எல்லா இலைகளும் ஒரே வேகத்தில் மட்குவதில்லை என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல என்னால் முடிந்திருக்காது. நரம்பு மட்டும் மிஞ்சிய இலையைக் கையில் வைத்திருந்த சிறுவன் ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தான். ஒன்பதாம் பக்கத்து இலை வலைப்பின்னல் போல வரையப்பட்டிருந்ததை வகுப்பு அதுவரை அலங்காரம் என்றே எண்ணியிருந்தது. நரம்புகளுக்குக் கெட்டித்தன்மை தரும் லிக்னின் என்ற பொருள் எளிதில் சிதையாதது; மென்மையான பகுதிகள் முதலில் போய், சட்டகம் கடைசியில் போகிறது. ஓவியர் பார்த்து வரைந்திருக்கிறார் என்ற மரியாதை அந்த நிமிடத்தில் பிறந்தது.

அதே இலைக் குவியலில் பதினோரு கேள்விக்குறிகளில் பலவற்றுக்குப் பெயர் கிடைத்தது. புத்தகத்தில் ஒரே மாதிரி தெரிந்த இரண்டு பல கால் பூச்சிகளில் ஒன்று மரவட்டை, மற்றது பூரான். மரவட்டைக்கு உடலின் பெரும்பாலான கண்டங்களில் இரண்டு இணைக் கால்கள், பூரானுக்கு ஓர் இணை. முன்னது மட்கும் இலையைத் தின்கிறது. பின்னது மற்றப் பூச்சிகளை வேட்டையாடுகிறது, கடிக்கவும் செய்யும். பூரானைத் தொடாமல் தூர நின்று எண்ண வேண்டும் என்பதைச் செயல்பாட்டுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் ஒன்று வெளியே வந்த பிறகுதான் சொன்னோம். வெண்ணிற இழைகள் சிலந்திவலை அல்ல, பூஞ்சை என்பதும் அன்றே தெரிந்தது.

வகுப்புக்குத் திரும்பியதும் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நாள்காட்டிச் சீட்டு எழுதினார்கள். ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் இடையே எத்தனை நாள் இருக்கும்? முதலில் எல்லோரும் ஒரு நாள் என்றிருப்பார்கள். இப்போது மழைக்கும் நிறமாற்றத்துக்கும் நடுவே இரண்டு வாரம், வலைப்பின்னலுக்கும் துகளுக்கும் நடுவே பல மாதம் என்று விடைகள் வந்தன. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் மெல்லிய இலை சில மாதங்களில் மட்கும், குளிர்ந்த இடத்தில் ஆண்டுகள் ஆகும் என்பதை ஆசிரியை சேர்த்தார். ஒரு சரியான எண்ணை யாரும் கேட்கவில்லை.

மண்புழுவின் கண்கள்

புத்தகத்தின் மண்புழுவுக்கு இரண்டு பெரிய கண்கள் உண்டு, சிரிப்பும் உண்டு. ஈரமான தட்டில் உண்மையான புழுவை வைத்து உருப்பெருக்கியால் பார்த்தபோது கண்களைக் காணோம். புழுவின் இரண்டு முனைகளையும் புரட்டிப் பார்த்த பிறகு, “புத்தகம் பொய் சொல்கிறது” என்று தீர்ப்பு வந்தது. ஆசிரியை அதை மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. கைவிளக்கு ஒன்றைக் கொடுத்தார். முன்முனையில் ஒளி பட்டதும் புழு பின்வாங்கியது. கண் இல்லை, ஆனால் ஒளி தெரிகிறது. மண்புழுவின் தோலில் ஒளியை உணரும் செல்கள் பரவியிருக்கின்றன, முன்பக்கத்தில் அதிகமாக. அதே தோல் வழியாகத்தான் அது சுவாசிக்கவும் செய்கிறது. அதனால் உலர்ந்த கையால் தொடக் கூடாது, சில நிமிடங்களுக்கு மேல் வெளியே வைக்கவும் கூடாது.

இங்கே ஒரு கிளைக்கதை குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது. மண்புழுக்களைப் பற்றி 1881-இல் நூல் வெளியிட்ட சார்லஸ் டார்வின், அவற்றுக்குக் காது கேட்குமா என்று அறிய அருகில் ஊதலையும் பியானோவையும் ஒலிக்கச் செய்து பார்த்தார், புழுக்கள் பொருட்படுத்தவில்லை. அவை இருந்த தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையை அழுத்தியபோது, அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஓடின. இலையை வளைக்குள் இழுக்கும்போது அவை பெரும்பாலும் கூரான நுனியைப் பிடித்தே இழுக்கின்றன என்பதையும் அவர் கவனித்தார். புத்தகத்தில் புழு இலையின் எந்தப் பக்கத்தைப் பிடித்திருக்கிறது என்று உடனே தேடினார்கள். நுனியைத்தான் பிடித்திருந்தது.

பொய்யா உண்மையா என்ற கேள்விக்கு வகுப்பே ஒரு வழி கண்டது. கரும்பலகையில் மூன்று பத்திகள்: நாம் பார்த்தது, கதைக்காக வரைந்தது, இன்னும் பார்க்காதது. கண்களும் சிரிப்பும் இரண்டாவதற்குப் போயின. வலைப்பின்னல் இலை முதலாவதற்கு. மூன்றாவது பத்தியில் மிட்டாய்த் தாள் இருந்தது.

எழுத்துப் பணி

மொழிப் பாடத்தோடு இணைக்க நாங்கள் முதலில் கொடுத்தது, நம் பள்ளிகளின் பழைய கட்டுரை வடிவம்: மிட்டாய்த் தாள் தன் வரலாறு கூறுதல். வந்தவை எல்லாம் கண்ணீர்க் கதைகள். “என்னைத் தூக்கி எறியாதீர்கள்” என்று 27 தாள்களும் கெஞ்சின. சிரிக்கும் குப்பைத்தொட்டி எழுத்து வடிவில் திரும்பி வந்துவிட்டது. இந்த வடிவம் கற்பனையை வளர்க்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது குழந்தையைப் பொருளிலிருந்து விலக்கி, நீதி சொல்லும் குரலுக்குள் தள்ளுகிறது.

அடுத்துக் கொடுத்தது, மூடிய எழுத்துப் பட்டைகளில் தாங்களே ஒரு வரி எழுதும் வேலை. ‘அழகான’, ‘பாவம்’ ஆகிய இரண்டு சொற்களுக்கும் தடை. “ஓரம் சுருண்டது, நடுவில் மூன்று ஓட்டை.” “மேலே காய்ந்திருக்கிறது, அடியில் ஈரம்.” தமிழ் எழுதத் தடுமாறும் குழந்தைகள்கூட இந்த வரிகளை எழுதினார்கள், ஏனென்றால் சொல்வதற்கு அவர்களிடம் ஏதோ இருந்தது.

அச்சம் வந்த நாள்

நான்காவது வாரத்தில் ஒரு சிறுமி, எல்லோரும் மிட்டாய்த் தாளைப் போட்டுக்கொண்டே இருந்தால் மண்ணே இல்லாமல் போய்விடுமா என்று கேட்டாள். குரலில் ஆர்வம் இல்லை, பயம் இருந்தது. நான்காம் வகுப்புக்கு முன் சூழல் பேரழிவுகளைப் பாடமாக்க வேண்டாம் என்று டேவிட் சோபெல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1990களில் வாதிட்டார். இயற்கையோடு நெருக்கம் உண்டாகும் முன்பே அதன் அழிவைக் கேட்கும் குழந்தை, பயந்து விலகிப்போகும் என்பது அவர் கருத்து. அதை விதியாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. குழந்தையே கேட்ட பிறகு பேச்சை மாற்றுவதும் அச்சத்தை வளர்ப்பதுதான்.

ஆசிரியை, மண் இல்லாமல் போகாது, ஆனால் தாள் போகவும் செய்யாது என்றார். பிளாஸ்டிக் மட்க 500 ஆண்டு, 1000 ஆண்டு என்று சுவரொட்டிகளில் வரும் எண்ணைச் சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முந்தைய நாள்தான் அதைப் பற்றிப் பேசியிருந்தோம். பைகளுக்குப் பயன்படும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் 1933-இல் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பிளாஸ்டிக் பெருமளவில் உற்பத்தியானது 1950-ஐ ஒட்டித்தான். 500 ஆண்டு மண்ணில் கிடந்த உறையை யாரும் தோண்டி எடுத்ததில்லை. அந்த எண்கள் எல்லாம் மதிப்பீடுகள். வெயிலில் அது நொறுங்குகிறது. ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறியதாகி, மண்ணோடு கலந்து கண்ணுக்குத் தப்புகிறது. அதனால் அவர் சொன்னது, “அது முழுதாகப் போய்முடிந்ததை இதுவரை யாரும் பார்க்கவில்லை.” வகுப்பு இந்த விடையை எந்த எண்ணைவிடவும் அக்கறையாகக் கேட்டது.

பயத்துக்கு மருந்தாக அமைந்தது ஒரு சிறு துப்பறிதல். மரத்தடியில் இலை பொறுக்கியபோது கிடைத்த உறைகள் ஏன் அந்த மூலையில் மட்டும் அதிகம்? யாரும் அங்கே மிட்டாய் தின்பதில்லை. நூலில் கட்டிய காகிதப் பட்டையைக் காற்றில் பிடித்துப் பார்த்து, மூடியில்லாத குப்பைத்தொட்டியிலிருந்து காற்று அந்தத் திசையில் வீசுவதைக் கண்டுபிடித்தார்கள். அதாவது, ஒழுங்காகத் தொட்டியில் போட்டவர்களின் உறைகள் அவை. குப்பை போடக் கூடாது என்ற விடைக்குள் இது அடங்கவே இல்லை. மூடி கேட்டுத் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதினார்கள், மூடி வந்தது. இரண்டு வாரத்தில் அந்த மூடி உடைந்தும் போனது. ஆய்வு முடிந்தபோது இரண்டாவது கடிதம் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

எவ்வளவு கற்றார்கள்

முதல் வாரத்திலும் கடைசி வாரத்திலும் ஒரே பணியைக் கொடுத்தோம்: மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று வரை. முதல் வாரப் படங்களில் பழுப்பு நிறம் பூசிய வெறுமை, அதில் ஒரு சிரிக்கும் புழு. கடைசி வாரத்தில் அடுக்குகள், நரம்பிலை, வெண்ணிழை, மரவட்டை, எல்லாவற்றுக்கும் பெயர்ச்சீட்டு. புழுக்களில் பெரும்பாலானவை கண்ணை இழந்திருந்தன. நான்கு பேர் தெரிந்தே சிரிப்பை விட்டுவைத்தார்கள். அது கதைப் புழு என்று பக்கத்தில் எழுதியும் இருந்தார்கள்.

கற்காததும் உண்டு. இலை மண்ணுக்குள் “போய்விட்டது” என்றே பலர் சொன்னார்கள். அது வேறொன்றாக மாறியது என்ற எண்ணம் பாதிப் பேரிடம்கூட உறுதியாக இல்லை. இலையின் கரிமத்தில் பெரும்பகுதி கரியமில வாயுவாகக் காற்றுக்குப் போகிறது என்பதை இந்த வயதில் காட்டவும் எங்களுக்கு வழி தெரியவில்லை. பெரியவர்களில் எத்தனை பேர் அதை நம்புவார்கள் என்பதும் ஐயமே. மண்புழு பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும் என்று இரண்டு பேர் கடைசிவரை நம்பினார்கள். பாடவேளைகளும் திட்டமிட்டதைவிட ஐந்து கூடுதலாகச் செலவாயின. அவை கணக்குப் பாடத்திலிருந்து கடன் வாங்கியவை. மீண்டும் செய்வதானால் முதல் நாள் வாசிப்பையே எழுத்தை மூடித் தொடங்குவேன். குப்பிகளை வாசிப்புக்கு இரண்டு வாரம் முன்பே புதைத்து வைப்பேன்.

கடைசி நாள் குப்பிகளைக் கொட்டினோம். பழத்தோல் இருந்த இடத்தில் கறுப்புப் படலம். நோட்டுத் தாள் விரல் பட்டதும் பிய்ந்தது. பருத்தித் துணி லேசாக இழுத்ததும் கிழிந்தது. இலை புள்ளி விழுந்து, மென்மையாகி, இன்னும் இலையாகவே இருந்தது. மிட்டாய்த் தாளைக் குழாயடியில் கழுவியபோது சிவப்பு நிறம் பளிச்சென்று வந்தது. விடையை மாற்றாத ஆறு பேரில் ஒருவன், ஆறு வாரம் போதாது என்றான். அதை மறுக்க எங்களிடம் எதுவும் இல்லை. எனவே அதைத் திரும்ப மண்ணில் வைத்து, அடுத்த ஆண்டு மூன்றாம் வகுப்புக்கு விட்டுச்செல்வது என்று முடிவானது. குப்பியில் ஒட்டும் சீட்டில் நாளை எழுதிவிட்டார்கள். பெயரை எழுதும்போது மறுபடி தகராறு. ‘மிட்டாய்த் தாள்’ என்று எழுதினால் அடுத்த வருடத்துப் பிள்ளைகளும் ஏமாந்துவிடுவார்கள் என்றது ஒரு தரப்பு. ஏமாறட்டும், அப்போதுதானே தோண்டிப் பார்ப்பார்கள் என்றது மற்றது. மணி அடிக்கும்வரை பேசியும் தீரவில்லை. குப்பி இப்போது நாள் மட்டும் எழுதிய சீட்டோடு அலமாரியில் இருக்கிறது.